காத்திருக்க முடிந்தவருக்கு ஒரு விலை

2025 அக்டோபரில் எங்கள் ஊர்ப் பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில், அறுத்த நெல்லோடு, பதினொரு நாள் கிடந்தேன். திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் எனக்கு ஒன்பது மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்த ஆண்டு அது. எல்லோரும் துணிந்து குறுவை என்ற குறுகியகால நெல்லைப் போட்டோம். நான் போட்டது ஏ.எஸ்.டி. 16, குண்டு ரகம். அறுபது கிலோ கணக்கில் 99 மூட்டை கண்டது. கடைமடையில் அது நல்ல கண்டுமுதல்.

அந்த நெல்லை விற்ற கதையை இப்போது எழுதக் காரணம், எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஐந்தாறு ஆண்டுகளாக ஓடும் ஒரு வாக்குவாதம். நெல்லை அரசாங்கம் வாங்க வேண்டுமா, வியாபாரியிடம் விட்டுவிட வேண்டுமா என்பதுதான் அது. பெரியப்பா ஒரு பக்கம், அவர் பெற்ற மகனே மறுபக்கம். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன்.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அவர் இளைஞராக இருந்த காலத்தில் அரசாங்கம் நெல் வாங்குவது என்றாலே ஊரில் பயம். அதற்கு 'லெவி' என்று பெயர். இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு நெல் என்று கணக்குப் போட்டு, வெளிச்சந்தையை விடக் குறைந்த விலைக்குக் கட்டாயமாக அளக்க வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் போகக் கூடாது. எல்லையில் சோதனைச் சாவடி. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் வந்தது. நாடு முழுவதும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சே பெரிய பேச்சாக இருந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு அந்தக் கொள்முதல் தேவைப்பட்டது. ஆனால் பத்தாயத்தைத் திறந்து அதிகாரிக்குக் காட்ட வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது அவமானமாகவே தோன்றியது. "நம் வீட்டு நெல்லை நாமே திருட்டுப் பொருள் போல ஒளித்து வைத்தோம்" என்று பெரியப்பா இன்றும் சொல்வார்.

அதே பெரியப்பாதான் இப்போது ஒவ்வோர் அறுவடைக்கு முன்பும் "சென்டர் திறந்துவிட்டார்களா?" என்று தினமும் கேட்கிறார். அரசாங்கம் நெல் எடுக்காமல் போனால் ஊர் அழிந்துவிடும் என்கிறார். லெவியைக் கண்ணால் காணாத அவர் மகன், என் அண்ணன், அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் போதும், நமக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார். இந்த முரண் எனக்கு வெகுநாள் புரியவில்லை.

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது இந்தச் சண்டை டீக்கடைக்கு வந்தது. பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். "மண்டிக்கு, அதாவது அரசின் ஒழுங்குமுறைச் சந்தைக்கு, வெளியே விற்கச் சுதந்திரம் கொடுத்தால் ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுதந்திரம் எங்களுக்குப் புதிதல்ல. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து வியாபாரி எங்கள் களத்துக்கே வந்து நெல் எடுக்கிறார். யாரும் தடுத்ததில்லை. பீகாரில் 2006-லேயே மண்டிச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே நெல் அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே விலைபோவது வழக்கமாகிவிட்டது. பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் அரசாங்கத்துக்குத்தான் போகின்றன. கையில் இருப்பது போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எங்களுக்கோ அரசாங்கம் பாதி, வியாபாரி பாதி. ஆகையால் அந்தச் சட்டங்களால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் தம்முடைய களத்தின் நிலையை வைத்தே பேசினோம். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் நிற்கவில்லை.

அண்ணன் சொன்னதில் உண்மை இருந்ததை 2024 தொடக்கத்தில் அறுத்த சம்பாவில் பார்த்தேன். அவர் பல ஆண்டுகளாக பி.பி.டி. 5204 போடுபவர். ஆந்திரா பொன்னி என்று ஊரில் சொல்வோம். அந்த ஆண்டு நானும் நான்கு மாவில் அதைப் போட்டேன். அரசு விலை சன்ன ரகத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,310 ரூபாய். அறுபது கிலோ மூட்டைக்கு 1,386 ஆகிறது. வியாபாரி களத்திலேயே 1,590 கொடுத்து எடுத்தார். ஏற்றுக்கூலி அவர் பொறுப்பு. அன்று மாலையே பணம் வந்தது. வரிசை இல்லை, டோக்கன் இல்லை, யார் தயவும் இல்லை. நல்ல அரிசி விளைவித்தால் நல்ல விலை என்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அன்று உணர்ந்தேன். அரசு நிலையத்தில் என் பி.பி.டி.யும் சமைத்தால் யாரும் விரும்பாத இன்னொரு சன்ன ரகமும் ஒரே விலைதான். அந்த வருத்தம் அண்ணனுக்கு இருபது ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

அந்த விலையும்கூட முழுச் சுதந்திரமான விலை அல்ல. 2023 ஜூலையில் மத்திய அரசு பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. 2024 செப்டம்பரில்தான் அதை எடுத்தது. தடை இல்லாதிருந்தால் இன்னும் நூறு ரூபாய் கூடக் கிடைத்திருக்கும் என்பது அண்ணனின் கணக்கு. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நாம் திறந்த சந்தை என்று சொல்வதன் கதவும் டெல்லியில்தான் திறந்து மூடப்படுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த சம்பாவில், 2025 தொடக்கத்தில், வியாபாரி விலை இறங்கிவிட்டது. அரசு விலை சன்ன ரகத்துக்கு 2,450 ஆக உயர்ந்திருந்தது. எங்கள் ஊரில் அதே பி.பி.டி.க்கு மூட்டைக்கு 1,330-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. குவிண்டாலுக்கு 2,217தான். அண்ணன் முதல்முறையாக டிராக்டரில் நெல்லை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். பெரியப்பா அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இந்த இரண்டு சம்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. நிலையம் திறந்திருக்கும் நாளில் வியாபாரி கேட்கும் விலை ஒன்று. சாக்கு வரவில்லை என்று நிலையம் எடை போடுவதை நிறுத்திய மாலையில் அதே வியாபாரி கேட்கும் விலை வேறு. மூட்டைக்கு எழுபது, எண்பது ரூபாய் ஒரே இரவில் இறங்கியதை நான் கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணனுக்குக் கிடைக்கும் வெளிச்சந்தை விலைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்பது அரசு விலைதான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வியாபாரிகள் போட்டி போட்டு எடுத்த 2024-இல் நிலையத்தில் எங்களை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். நெல் வராதோ என்ற கவலை அவர்களுக்கு வந்தபோது எங்கள் நெல்லின் பதர் திடீரென்று குறைந்துபோனது.

இனி அந்தப் பதினொரு நாளுக்கு வருகிறேன்.

2025 குறுவைக்கு அரசு விலை பொது ரகத்துக்கு 2,500, சன்னத்துக்கு 2,545. என் குண்டு நெல்லுக்கு நாற்பது கிலோ சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். கணக்குப் போட எளிதான விலை. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அக்டோபர் மழையில் அறுத்த நெல் 22 காட்டியது. எங்கும் நெல் குவிந்து கிடந்தது. மாநில அரசு 22 சதவீதம் வரை எடுக்க அனுமதி கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. நாங்கள் சாலையில் ஒரு ஓரமாக நெல்லைப் பரப்பி, வெயில் முகம் காட்டினால் தார்ப்பாயை விலக்கி, மேகம் கறுத்தால் மூடி, இரவில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்தோம்.

நிலையத்தில் ஒரு நாள் சாக்கு இல்லை, மறுநாள் லாரி வராததால் அடுக்க இடம் இல்லை. எடை போடும் நாளில் சிப்பத்துக்கு 45 ரூபாய் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த ரசீதிலும் அது வராது. குவிண்டாலுக்கு 112 ரூபாய் ஐம்பது காசு. அந்த ஆண்டு மாநில அரசு ஊக்கத்தொகையாகக் கூட்டிக் கொடுத்தது 131 ரூபாய். அதில் பெரும்பகுதி எடைமேடையிலேயே கரைந்துவிட்டது. அதை எண்ணினால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. மூட்டை தூக்குபவரின் முதுகைப் பார்த்தால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவருக்குக் கூலியை நேராகவும் முழுதாகவும் கொடுத்திருந்தால் அவர் ஏன் எங்களிடம் கை நீட்டப் போகிறார்?

நான்காம் நாள் பயம் வந்துவிட்டது. நெல்லில் ஒரு பகுதியை வியாபாரிக்குக் கொடுத்தேன். 62 கிலோ மூட்டைக்கு 1,150 ரூபாய், நாற்பது மூட்டை. மீதியோடு காத்திருந்தேன். குவியலின் அடி ஓரத்தில் முளை கட்டி நான்கு சிப்பம் அளவுக்கு வீணானது. கடைசியில் 77 சிப்பம் எடை ஏறியது.

வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காத்திருந்த நெல், ஈரத்தோடு, 3,460 கிலோ. அதையும் நான்காம் நாளே வியாபாரிக்குக் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட 64,180 ரூபாய். நிலையத்தில் கிடைத்தது, 45 ரூபாய் போக, 73,535. அதிலிருந்து நெல் கிளறிய ஆட்களின் கூலி 6,000, தார்ப்பாய் வாடகை 1,500 கழித்தால் 66,035. ஆக, காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்தது சுமார் 1,850 ரூபாய். என் கூலியையும் மனைவியின் கூலியையும் இதில் சேர்க்கவில்லை. முளை கட்டாமல் மூன்று நாளில் எடை போட்டிருந்தால் அதே நெல்லுக்குப் பதினோராயிரம் வரை கூடுதலாக நின்றிருக்கும். அரசு விலை என்று பேப்பரில் வருவதும் என் கைக்கு வருவதும் ஏன் வேறு வேறு என்ற கேள்விக்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

இந்தக் கணக்குப் போடும்போதுதான் ஈரத்தின் கணக்கையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பல பேர் இதில் ஏமாறுகிறோம். 22 சதவீத ஈரமுள்ள நூறு கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 78 கிலோ. அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 78-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும். 94 கிலோ வரும். ஆறு கிலோ தண்ணீராகப் போய்விடும். ஆகவே ஈர நெல்லுக்கு வியாபாரி கேட்கும் விலையையும் காய்ந்த நெல்லுக்கான அரசு விலையையும் நேராக ஒப்பிடக் கூடாது. எனக்குக் கொடுத்த 1,150-ஐ 62-ஆல் வகுத்தால் கிலோ 18 ரூபாய் 55 காசு. காய்ந்த நெல்லாகக் கணக்கிட்டால் 19 ரூபாய் 74 காசு. அவர் கேட்டது தோன்றிய அளவுக்கு மோசமான விலை அல்ல. ஆனால் 25 ரூபாய் நெல்லுக்கு 19 ரூபாய் 74 காசு நல்ல விலையும் அல்ல. எந்த விலை கேட்டாலும் முதலில் மூட்டையின் எடையைக் கேளுங்கள். 60, 62, 40 என்று ஆளுக்கொரு மூட்டை பேசும் ஊரில் கிலோவுக்கு மாற்றாமல் சரி என்று சொல்லாதீர்கள்.

வியாபாரியை நம்பியும் நாங்கள் அடிபட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் தெருவில் ஒன்பது குடும்பங்களிடம் நெல் எடுத்தார். மூட்டைக்கு இருபது ரூபாய் கூடக் கொடுப்பதாகச் சொன்னார். பாதிப் பணம் கொடுத்தார். மீதி இன்றுவரை வரவில்லை. புகார் கொடுக்கப் போனபோது காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. என் பங்கு 18,000 ரூபாய். அரசு நிலையம் எவ்வளவு இழுத்தடித்தாலும் எடை ஏறிய நெல்லுக்குப் பணம் வங்கிக்கு வந்துவிடும். அந்த உறுதிக்கு ஒரு விலை இருக்கிறது. வெளிச்சந்தையை ஆதரிப்பவர்கள் அதைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு நான் லாரி நகர்வதற்கு முன் பணம் வங்கிக்கு வந்ததா என்று பார்க்கிறேன். எடை, மூட்டை எண்ணிக்கை, விலை, தேதி, கையெழுத்து ஐந்தையும் ஒரு நோட்டில் வாங்குகிறேன். தராசில் நம் வீட்டு இருபது கிலோ படிக்கல்லை முதலில் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேர்மையான வியாபாரி அதற்குக் கோபப்பட மாட்டார்.

எங்கள் வீட்டுச் சண்டையில் இடமே கிடைக்காத ஒருவர் உண்டு. பக்கத்து வயலில் ஆறு மா குத்தகைக்குச் செய்யும் அத்தாச்சி. கணவர் இல்லை. நிலக்காரர் சென்னையில் இருக்கிறார். குத்தகை வாய்ப்பேச்சுதான். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் நிலக்காரர் பெயரில். நிலையத்தில் நெல் போட்டால் பணம் அவர் கணக்குக்குப் போகும். அங்கிருந்து எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அத்தாச்சி களைத்துவிட்டார். ஆடியில் உரத்துக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அறுத்த அன்றே அந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அரசு விலை 2,500 ஆனாலும் 2,700 ஆனாலும் அவருக்கு ஒன்றுதான். வெளிச்சந்தை விலை ஏறினாலும் அதே கதைதான். "உங்கள் பெரியப்பாவும் அண்ணனும் எந்த விலைக்குத் தம்பி சண்டை போடுகிறார்கள்? எனக்கு அந்த இரண்டுமே கிடைத்ததில்லையே" என்று ஒரு நாள் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பெரியப்பாவும் அண்ணனும் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. அண்ணனிடம் சிமென்ட் களம் இருக்கிறது. ஐந்நூறு மூட்டை அடுக்கும் கொட்டகை இருக்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். விலை சரியில்லை என்றால் மாசி வரை, பங்குனி வரை வைத்திருப்பார். பெரியப்பா அந்த வசதி வருவதற்கு முன் நாற்பது ஆண்டுகள் விவசாயம் செய்தவர். அறுத்த வாரத்திலேயே கடனைக் கட்டியாக வேண்டிய நாட்களை அவர் மறக்கவில்லை. காத்திருக்க முடிந்தவருக்குச் சந்தை நண்பன். காத்திருக்க முடியாதவருக்கு, அதற்குக் கீழே இறங்காத தரை விலை வேண்டும். அத்தாச்சி போன்றவருக்கு அந்தத் தரை விலையைத் தொட ஒரு காகிதமும் ஆடி மாதத்தில் ஒரு கடனும் வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் வைத்து விலை தர வேண்டும் என்றது. அந்தச் செலவில் நிலத்தின் வாடகையும் சேர வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது அத்தாச்சி போன்றவர்களுக்குத்தான் மிகவும் பொருந்தும். குத்தகை நெல்லை அளந்துவிட்டு மிச்சத்தை விற்பவர் அவர்.

போன சம்பாவில் நான் ஒரு வேலை செய்தேன். அத்தாச்சியோடு போய், பயிர் வயலில் நிற்கும்போதே, சாகுபடி செய்பவர் இவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டேன். நிலக்காரரிடம் முதலில் தொலைபேசியில் பேசி, நிலத்துக்கு உரிமை கேட்க மாட்டோம் என்று அவருடைய அச்சத்தைத் தீர்த்த பிறகுதான் அது நடந்தது. மூன்று முறை அலைந்தோம். அறுவடைக்குப் பிறகு அலைந்திருந்தால் நெல் முளைத்திருக்கும். சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், இணையப் பதிவு எல்லாவற்றையும் கதிர் பழுக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பதிவு இல்லாதவரின் நெல்தான் மழையில் கடைசிவரை நனையும்.

அறுவடையிலும் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். முன்பு இயந்திரம் கிடைத்த நேரத்தில் அறுப்போம். காலை எட்டு மணிக்குப் பனியோடு அறுத்த நெல்லுக்கும் பதினொரு மணிக்கு மேல் அறுத்த நெல்லுக்கும் எங்கள் வயலிலேயே இரண்டு சதவீத வித்தியாசம் வந்தது. இயந்திரக்காரர் அவசரப்படுத்தினாலும் காலை வேளையை விட்டுவிடச் சொல்கிறோம். நிலையம் எடை தொடங்கிய செய்தி உறுதியாகும் வரை அறுப்பதில்லை. தெருவில் எல்லோரும் ஒரே நாளில் அறுக்காமல் வரிசை பேசிக்கொள்கிறோம். இதில் மட்டும் பெரியப்பாவும் அண்ணனும் ஒரே குரலில் பேசினார்கள். சாயங்காலம் நான்கரைக்குள் குவியலை மூடிவிட வேண்டும். பனி இறங்கிய பிறகு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறோம். ரகத்தையும் பிரித்துக்கொண்டேன். பாதியில் நிலையத்துக்கென்று சி.ஆர். 1009, பாதியில் வியாபாரிக்கென்று பி.பி.டி. இரண்டில் ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்கும்.

எல்லாவற்றிலும் பயன்பட்டது ஈரப்பதமானி. எங்கள் தெருவில் நான்கு பேர் சேர்ந்து வாங்கினோம். அதுவரை நிலையத்தில் அவர்கள் சொன்னது ஓர் எண், வியாபாரி சொன்னது ஓர் எண். இரண்டையும் மறுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. இப்போது குவியலின் மேலிருந்து எடுக்காமல் முழங்கை வரை கைவிட்டு நடுவிலிருந்து நெல் எடுக்கிறோம். ஐந்து இடத்தில் எடுத்துக் கலந்து மூன்று முறை பார்க்கிறோம். 17-க்குக் கீழே இருந்தால் மட்டும் டிராக்டரைக் கூப்பிடுகிறோம். முன்பெல்லாம் திருப்பி அனுப்பப்பட்ட நெல்லுக்கே ஒரு சுமைக்கு எழுநூறு ரூபாய் வண்டி வாடகை போகும்.

கருவி என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. இந்தச் சம்பா அறுவடை தொடங்கியதும் முதலில் வந்தது அத்தாச்சி, முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி நெல்லோடு. 18.4 காட்டியது. ஒரு வெயில் போதும் என்றேன். அதற்குள் அண்ணனும் துண்டில் நெல் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருடைய நெல் 16.2. அத்தாச்சியின் முடிச்சையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தவர், "என் களத்தில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, நாளைக்கு அங்கே கொட்டிக் காயப்போடு" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்.